விரலிடுக்கில் சாவி, விரித்த உள்ளங்கை: நகரத்து அச்சத்தை மேடையேற்றும் சமூக அரங்கு

ஒரு கூடம். நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கியாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நிற்கிறார்கள். நடிப்புப் பயின்றவர் எவரும் அதில் இல்லை. நெறியாளர் ஒரே ஒரு வேலை தருகிறார். இரவு பத்தரை மணி, கடைசிப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிறீர்கள். அந்த நடையின் ஒரு நொடியை உடம்பில் நிறுத்திக் காட்டுங்கள், பேச்சு வேண்டாம். கைதட்டுகிறார். எல்லோரும் சிலையாகிறார்கள்.

ஒரு பெண்ணின் வலது கை முஷ்டி பிடித்திருக்கிறது. விரலிடுக்கில் வீட்டுச் சாவி துருத்திக்கொண்டிருப்பதாகப் பாவனை. இரண்டடி தள்ளி ஒரு கறுப்பின இளைஞன். அவன் கைகள் சட்டைப்பையில் இல்லை. வெளியே, சற்று உயர்ந்து, உள்ளங்கை தெரியும்படி விரிந்திருக்கின்றன. அவள் பின்னால் கேட்கும் காலடிக்குத் தயாராகிறாள். அவன் எதிரே வரப்போகும் காவல் வண்டிக்குத் தயாராகிறான். அவள் கையில் ஆயுதம் இருக்க வேண்டும், அவன் கையில் எதுவுமே இல்லை என்று தெரிய வேண்டும். அவள் பின்னால் கேட்ட காலடி அவனுடையதாகவே இருக்கலாம்.

இது நான் அடுக்கிக் காட்டிய காட்சிதான். ஆனால் பயிற்சி உண்மையானது. ‘படிம அரங்கு’ என்பது அதன் பெயர். நகரத்தில் பாதுகாப்பு, நிறவெறி, பாலின வன்முறை என்று பேசப் புகும் சமூக அரங்குக் குழுக்கள் பல இப்படியொரு சிலைப் பயிற்சியில்தான் தொடங்குகின்றன. மூன்றும் மூன்று தனித்தனிப் பிரச்சினைகளாகக் கோப்புகளில் கிடக்கும். அவற்றை ஒரே தரையில் இரண்டடி இடைவெளியில் நிறுத்தும்போதுதான் ஒன்றோடொன்று முட்டுவது தெரியும். ஒருவருக்குப் பாதுகாப்பாக இருப்பது இன்னொருவர் மேல் சந்தேகமாக விழுவதை விளக்க அறிக்கைக்குப் பத்துப் பக்கம் வேண்டும். சிலைக்கு ஐந்து நொடி போதும்.

சமூக அரங்கு என்று இங்கே சொல்வது, விஷயம் யாருடையதோ அவர்களே செய்து, பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்கள் முன்னிலையிலேயே நிகழ்த்தும் நாடகத்தை. முறுக்கு மீசை வில்லன், அழும் கதாநாயகி, கடைசியில் மைக்கைப் பிடித்து ஓர் உபதேசம் என்று போகும் விழிப்புணர்வு நாடகத்தை இதோடு சேர்க்க எனக்கு மனமில்லை. அதில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை எல்லோரும் இன்னொரு முறை ஒப்புக்கொண்டு கலைகிறார்கள்.

அச்சம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

நாடகத்துக்குள் போகும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். 2023-ல் உலகம் முழுவதும் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் திட்டமிட்டுக் கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ 51,100 பேரைக் கொன்றது கணவர், காதலர், அல்லது குடும்பத்தில் ஒருவர். நாளுக்கு 140 பேர். முகம் தெரியாத ஆள், இருட்டுச் சந்து, எரியாத தெருவிளக்கு என்று நகரம் பெண்ணுக்குக் கற்பிக்கும் அச்சத்தின் வரைபடமும், ஆபத்து உண்மையில் இருக்கும் இடத்தின் வரைபடமும் பொருந்தவில்லை. அவள் விரலிடுக்கில் பிடித்திருக்கும் சாவி எந்த வீட்டின் கதவைத் திறக்கிறதோ, அந்த வீட்டுக்குள்தான் அதிக ஆபத்து.

தெருவில் ஒன்றும் நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. சீண்டலும் உரசலும் பின்தொடர்தலும் கொலைக் கணக்கில் வராது. ஆனால் ஒரு பெண் எந்த வேலையை ஏற்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதையெல்லாம் அவைதான் தீர்மானிக்கின்றன. 1989-ல் டொரன்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு ‘பாதுகாப்புத் தணிக்கை’ என்ற ஒரு முறையை உருவாக்கியது. பெண்கள் குழுவாக இரவில் தெருவில் நடந்து, எங்கே விளக்கு இல்லை, எந்தத் திருப்பத்தில் எதிரில் வருபவர் தெரிவதில்லை, கூப்பிட்டால் யார் காதில் விழும் என்று குறிப்பார்கள். பிறகு பல நாடுகளுக்கு அது பரவியது. அதே ஊரில் 1991 முதல், இரவில் தனியே பயணிக்கும் பெண்கள் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. பெரிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை. நடக்க வேண்டிய தூரம் குறைந்தது, அவ்வளவுதான்.

சிக்கல், அச்சத்துக்கு நிறம் ஏறும்போது தொடங்குகிறது. 1989 ஏப்ரலில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கறுப்பின, லத்தீன் அமெரிக்க இனத்தைச் சேர்ந்த ஐந்து விடலைப் பையன்கள் பிடிக்கப்பட்டு, தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் போனார்கள். 2002-ல் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் அதை உறுதிசெய்த பிறகுதான் தீர்ப்புகள் ரத்தாயின. அந்தப் பெண்ணுக்கு நடந்த வன்முறை உண்மை. அதன் பெயரால் ஐந்து பையன்களுக்கு நடந்ததும் வன்முறைதான். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்ல நகரம் கூச்சப்படுகிறது. ஒன்றைச் சொன்னால் மற்றதைக் குறைத்துப் பேசுவதாக ஆகிவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயம் ஆய்வாளர்களையும் விடவில்லை. ஒருவர் மேல் பல ஒடுக்குமுறைகள் குறுக்கும் நெடுக்குமாக விழுவதைப் பற்றி 1989-லும் 1991-லும் எழுதி, அதற்கு ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற பெயரையும் தந்தவர் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா. இரண்டாவது கட்டுரையில் தன் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையிடம் குடும்ப வன்முறைக் கணக்கை வட்டார வாரியாகக் கேட்டிருக்கிறார், தர மறுத்துவிட்டார்கள். குடும்ப வன்முறைக்கு எதிராகப் போராடியவர்களுக்கே அந்தக் கணக்கு வெளிவருவதில் தயக்கம்: ‘இது சிறுபான்மையினர் வீட்டுப் பிரச்சினை’ என்று அரசு கைகழுவிவிடும். சிறுபான்மைச் சமூகத்தவர்களுக்கு வேறு தயக்கம்: ‘இவர்களே முரடர்கள்தான்’ என்ற பழைய பழிக்கு அது வலு சேர்த்துவிடும். இரண்டு தரப்பும் நல்ல எண்ணத்தோடுதான் கதவைச் சாத்தின. அந்தக் கதவுக்குப் பின்னால் அடிவாங்கிக்கொண்டிருந்தவள் ஒரு கறுப்பினப் பெண்.

சமூக அரங்குக்கு வேலை இருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அவளைப் புள்ளிவிவரமாக வைத்தால் இரண்டு பக்கமும் பயம். மேடையில் ஓர் ஆளாக வந்து நின்றால், இருவரும் பார்த்தே ஆக வேண்டும்.

துடைப்பத்தில் பிறந்த முறை

இந்தத் துறையில் எந்தக் குழுவைத் தொட்டாலும் பிரேசில் நாட்டு நெறியாளர் அகஸ்தோ போவாலின் கைரேகை தெரியும். சாவ் பாவ்லோவின் அரேனா அரங்கில் வேலை செய்தவர். 1971-ல் ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. வெளியே வந்ததும் நாட்டை விட்டுப் போனார். அர்ஜென்டினா, பெரு, போர்ச்சுகல், பாரிஸ் என்று பதினைந்து ஆண்டுகள். 1986-ல் திரும்பி வந்தார், 2009-ல் இறந்தார். ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்று அவர் பெயரிட்ட முறைகளின் தொகுப்பு இந்த அலைச்சலில் உருவானது.

அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதைகள் இரண்டு. முதல் கதை, பிரேசிலின் வடகிழக்கு மாநிலம் ஒன்றில் நடந்தது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியை உயர்த்தி நடிகர்கள் பாடி முடித்ததும், விர்ஜிலியோ என்ற விவசாயி கண்ணீரோடு வந்தார். நல்லது, உங்கள் துப்பாக்கிகளோடு வாருங்கள், நிலத்தைப் பிடித்துக்கொண்ட ஜமீனின் ஆட்களை இன்றே விரட்டுவோம் என்றார். அட்டைத் துப்பாக்கி ஐயா, சுடாது என்று நடிகர்கள் நெளிந்தார்கள். அதனால் என்ன, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, ஆட்கள் மட்டும் வாருங்கள் என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்கள். அப்படியானால் நீங்கள் பாடிய ரத்தம் எங்களுடையது, உங்களுடையது இல்லை, அப்படித்தானே என்று கேட்டுவிட்டுப் போனார் அந்த விவசாயி. தான் ஏற்காத ஆபத்தை அடுத்தவருக்குப் புத்திமதியாகச் சொல்வதைப் போவால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது கதை நம் விஷயத்துக்கு நெருக்கமானது. 1973-ல் பெருவில் எழுத்தறிவு இயக்கம் ஒன்றில் அவர் வேலை செய்தார். அப்போது அவர் கையாண்ட முறைப்படி, பார்வையாளர்கள் யோசனை சொல்வார்கள், நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள். ஒரு பெண் தன் கதையைக் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வீடு கட்ட என்று சொல்லி அவள் பணத்தை வாங்கிக்கொண்ட கணவன், அவ்வப்போது சில தாள்களைக் கொடுத்து ரசீது என்று பத்திரப்படுத்தச் சொன்னான். சந்தேகம் வந்து ஒருநாள் அக்கம்பக்கத்தில் படிக்கக் கொடுத்தாள். எல்லாம் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். இனி அவள் என்ன செய்வது?

யோசனைகள் வந்தன, நடிகர்கள் நடித்தார்கள். கூட்டத்தில் இருந்த வாட்டசாட்டமான ஒரு பெண்ணுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்றாள். நடிகை தெளிவாகப் பேசிப் பார்த்தாள். இல்லை, இன்னும் தெளிவாக. இன்னும் ஒருமுறை. அதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கோபம் முற்றியது. போவாலுக்கும் பொறுமை போனது. அப்படியானால் நீங்களே வந்து காட்டுங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். அவள் மேடையேறினாள். கணவனாக நடித்தவரைப் பிடித்து, துடைப்பத்தை எடுத்து, விளாசித் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். தெளிவாகப் பேசியாகிவிட்டது, இனிப் போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வா என்றாள்.

பார்வையாளர் மேடையேறி, பாத்திரத்தின் இடத்தில் நின்று, கதையை மாற்றிப் பார்க்கும் ‘விவாத அரங்கு’ அந்தத் துடைப்பத்திலிருந்து வந்தது. அடிப்பது சரியா என்ற கேள்வி இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு பெண்ணின் ‘தெளிவு’ என்ன என்பது அவள் உடம்பு சொல்லும் வரை படித்த நடிகர்களுக்கும் நெறியாளருக்கும் புரியவில்லை. மூன்று முறை நடித்தும் புரியவில்லை.

பேருந்து 10.40

விவாத அரங்கு எப்படி நடக்கிறது என்று ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். முதலில் ஐந்தாறு நிமிடக் காட்சி, மோசமாகவே முடியும். இரண்டாம் முறை அதையே தொடங்குவார்கள். யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று குரல் கொடுத்து, உள்ளே வந்து மாற்றிப் பார்க்கலாம். நடுவில் நின்று நடத்துபவருக்கு ‘ஜோக்கர்’ என்று பெயர். சிரிக்கவைக்கும் ஜோக்கர் இல்லை. சீட்டுக்கட்டு ஜோக்கர், எந்தச் சீட்டின் இடத்திலும் செருகலாம், எந்தக் கட்சியும் கிடையாது.

காட்சி: கடைசிப் பேருந்து, ஐந்து நாற்காலி. வேலை முடிந்து வரும் பெண் ஜன்னலோரம். பேருந்தில் இடம் காலியாக இருக்கும்போதே ஒருவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்கிறார். கௌரவமான தோற்றம், உள்ளூர் முகம். முழங்கால் நெருங்குகிறது. அவள் ஒடுங்குகிறாள். பிறகு எழுந்து பின்னால் போகிறாள். பின்னிருக்கையில் குடியேறிக் குடும்பத்து இளைஞன், கறுத்த நிறம், தலையில் முக்காட்டுச் சட்டை. அவனைக் கண்டதும் அவள் கை தானாகக் கைப்பையை இறுக்குகிறது. அதை அவன் பார்த்துவிடுகிறான். முன்னே கண்ணாடியில் ஓட்டுநரும் பார்க்கிறார், ஒரு பெண் இடம் மாறுவதையும் பையை இறுக்குவதையும். வண்டியை நிறுத்துகிறார். “ஏய், நீ இறங்கு.” சொல்வது இளைஞனை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டு, தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கிப் போகிறான். முழங்கால்காரர் கால்களை நன்றாக நீட்டி உட்கார்கிறார். அவள் பேசவில்லை. ஐந்தாவது நாற்காலியில் இருப்பவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இரண்டாம் சுற்று. முதலில் வருபவர் அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து, முழங்கால் பட்டதுமே சத்தம் போடுகிறார். நடிகர் பாத்திரத்தை விடாமல் நிதானமாகத் திரும்புவார்: “நான் என்னம்மா செய்தேன்? பேருந்து ஆடுகிறது.” சத்தம் போட்டவர் அடுத்த வரி இல்லாமல் நிற்பார். இரண்டாமவர் ஓட்டுநரிடம் போய்ப் புகார் சொல்கிறார். ஓட்டுநர் யாரைப் பற்றி என்று கேட்கும் முன்பே பின்னிருக்கையைப் பார்க்கிறார். கூடம் சிரிக்கும், ஒரு நொடி கழித்து அந்தச் சிரிப்பு அடங்கும். மூன்றாமவர் இளைஞனாக உட்கார்ந்து, இறங்க மாட்டேன், நான் எதுவும் செய்யவில்லை என்று எழுந்து நிற்கிறார். நின்ற உயரமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது, ஓட்டுநர் கை அவசரப் பொத்தானுக்குப் போகிறது. நான்காமவர் ஒட்டுமொத்தப் பேருந்தையும் ஒரே குரலில் எழவைக்கப் பார்க்கிறார். அப்போது கூட்டத்திலிருந்து யாராவது “மாயாஜாலம்!” என்று கத்துவார்கள். நடக்க முடியாத தீர்வைக் கண்டால் அப்படிக் கத்த எல்லோருக்கும் உரிமை உண்டு. முறையின் மிகச் சிறந்த விதி இது என்பேன். கைதட்டலுக்காகக் காட்டப்படும் புரட்சியை இந்த ஒரு சொல் உட்காரவைத்துவிடும்.

ஆனால் விவாத அரங்கின் மூல விதியில் பாலின வன்முறைக்கு ஒவ்வாத ஒரு கோணல் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவரின் இடத்தில்தான் பார்வையாளர் வந்து நிற்க வேண்டும், ஒடுக்குபவரை மாற்றக் கூடாது என்பது போவாலின் ஏற்பாடு. தொழிலாளி–முதலாளி கதைக்கு அது பொருந்தும். முதலாளியை நல்லவராக்கி முடித்துவிட்டால் அங்கே கற்க ஒன்றுமில்லை. ஆனால் சீண்டப்பட்ட பெண்ணின் இடத்தில் பத்துப் பேர் வரிசையாக வந்து ‘அவள் இப்படிச் செய்திருக்கலாம்’ என்று காட்டிக்கொண்டே போனால், கடைசியில் கூடத்தில் மிச்சமிருப்பது பழைய கேள்விதான்: ஏன் அவள் அப்படிச் செய்யவில்லை? முன்வரிசையில் அதே அனுபவம் உள்ள ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அது அவளுக்கு இரண்டாவது விசாரணை.

போவாலுக்கும் இது தெரியாமலில்லை. ஒடுக்குமுறை வேறு, தாக்குதல் வேறு என்று பிரித்தார். தப்பிக்க உடல்பலம் தவிர வேறு வழியே இல்லாத கட்டம் தாக்குதல். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை, காட்சியைப் பின்னோக்கி நகர்த்தி, தெரிவு இன்னும் மிச்சமிருந்த இடத்தில் தொடங்க வேண்டும். இது நல்ல பதில், முழுப் பதில் அல்ல. பின்னோக்கிப் போகப் போக ‘அந்தப் பேருந்தில் ஏன் ஏறினாள்’ என்ற இடத்துக்கும் போய்விடலாம். அதனால்தான் இன்று பல குழுக்கள் விதியைத் தளர்த்தி, ஐந்தாவது நாற்காலியைத் திறந்துவிடுகின்றன. கைபேசிக்காரரை மாற்றலாம். ஓட்டுநரை மாற்றலாம்.

அந்த நாற்காலிக்கு வருபவர்கள் செய்வது பெரும்பாலும் சின்ன வேலை. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று, இந்தப் பேருந்து ரயில் நிலையத்துக்குப் போகுமா என்று கேட்பார்கள். அவ்வளவுதான், முழங்கால் விலகிவிடும். மாயாஜாலம் என்று யாரும் கத்துவதில்லை.

நகரத்து மனிதன் தலையிடவே மாட்டான் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய செய்தி காரணம். 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நாளிதழ் எழுதியது. அது மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னர் தெரிந்தது. ஆனால் பாடப்புத்தகம் வரை போய்விட்டது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளிலிருந்து 219 பொதுவிடச் சச்சரவுகளை எடுத்துப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே போயிருந்தார். கேமரா சத்தமான சண்டையைப் பார்க்கிறது, முழங்காலைப் பார்ப்பதில்லை. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும், யாரும் வரமாட்டார்கள் என்று நம்பும் கூட்டத்துக்கு முன் ஐந்தாவது நாற்காலியைத் திறந்துவைப்பதற்கு இந்த எண் தைரியம் தருகிறது.

தெருக் கூட்டிய பெண்கள்

போவால் ஒருவரைச் சுற்றியே பேசிக்கொண்டிருந்தால் வரலாறு கோணிவிடும். 1977-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சிஸ்ட்ரன் என்ற குழு பிறந்தது. சகோதரிகள் என்று பொருள். அரசின் சிறப்பு வேலைத்திட்டத்தில் தெருக் கூட்டுவது போன்ற வேலைகளிலிருந்து வந்த, உழைக்கும் வர்க்கத்துக் கறுப்பினப் பெண்கள் அவர்கள். தொழிலாளர் வாரத்துக்கு ஒரு நாடகம் போட உதவி கேட்டு நாடகப் பள்ளி ஆசிரியை ஹானர் ஃபோர்ட்-ஸ்மித்திடம் போனார்கள். எதைப் பற்றி நாடகம் என்று கேட்டதற்கு, பெண்களாக நாங்கள் படும் பாட்டைப் பற்றி, ஆண்கள் எங்களை நடத்தும் விதத்தைப் பற்றி என்று பதில் வந்தது.

எழுதிவைத்த நாடகம் எதுவும் கிடையாது. ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொல்லுவாள். சின்ன வயதில் ஆடிய வட்ட விளையாட்டு, விடுகதை, பாட்டு எல்லாம் அதில் கலக்கும். மேடையில் பேசியது பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை, தெருவில் பேசும் பாட்வா. அந்த மொழியைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் நகரத்தின் மேல்தட்டில் நிறைய இருந்தார்கள். அந்தச் சுளிப்புக்கு நிறமும் வர்க்கமும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் அவர்கள் மேடையேற்றினார்கள். பருவ வயதுக் கர்ப்பமும் வல்லுறவும் 1978-லேயே அவர்களுடைய நாடகத்துக்குப் பொருளாகிவிட்டன. அடித்தவன் தம் தெருவைச் சேர்ந்த ஏழைக் கறுப்பினத்தவன், அவனைத் துரத்துவது மேல்தட்டின் காவல்துறை என்ற முடிச்சை யாரும் வந்து அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றாடம் அதற்குள்தான் இருந்தார்கள்.

இந்த வழிக்கு நேர் எதிரான ஒன்று அமெரிக்க நாடகக் கலைஞர் அன்னா டெவர் ஸ்மித் செய்தது. அது கண்டிப்பான பொருளில் சமூக அரங்கு அல்ல. ஆனாலும் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1991 ஆகஸ்டில் புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் ஒரு கார் விபத்தில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் ஒரு யூத மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். ஸ்மித் இரண்டு தரப்பாரையும் நேர்காணல் செய்து, அவர்கள் சொன்ன சொல்லை இழுப்பும் திக்கலும் உட்பட அப்படியே எடுத்து, எல்லோரையும் தானே ஒருத்தியாக நடித்தார். ஒரே உடம்பு முதலில் யூத குருவாகவும் பிறகு கறுப்பின இளைஞனாகவும் மாறும்போது, ‘அவர்கள் ஆள், நம் ஆள்’ என்று பிரிப்பதற்குக் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பேருந்துக் காட்சியில் இளைஞனாகவும் முழங்கால்காரராகவும் யார் நடிப்பது என்று குழம்பும் குழுக்கள் இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம்: வேடங்களைச் சுழற்றுங்கள். கறுத்த முகத்துக்கு எப்போதும் வம்புக்காரன் வேடமே விழுந்தால், நாடகம் எதிர்க்கும் அதே சந்தேகத்துக்கு ஒத்திகை பார்த்ததாக ஆகும்.

கூடத்தை விட்டுத் தெருவுக்கே வந்த முறைகளும் உண்டு. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு நாடகக் கலைஞர் மாயா கிருஷ்ண ராவ், இரவில் தெருவில் நடப்பது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு தனிநபர் நிகழ்வு செய்தார். தென்னாப்பிரிக்காவின் மதர்டங் குழு அதை உள்வாங்கித் தங்கள் மண்ணுக்கு ஒன்றைச் செய்தது. 2019 நவம்பரில் சிலியின் வல்பராய்சோ நகரில் லாஸ் தெசிஸ் குழுவின் பெண்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடிய கூட்டு நடனம் சில வாரங்களில் பல நாடுகளின் சதுக்கங்களுக்குப் போனது. அதில் எல்லோரும் குந்தி எழும் ஓர் அசைவு வரும். பிடிபட்ட பெண்களைக் காவல் நிலையத்தில் ஆடை களைந்து குந்தவைத்ததிலிருந்து எடுத்தது அது. காவல் வண்டி வந்தால் பாதுகாப்பு வந்துவிட்டதாக எல்லோரும் எண்ணுவதில்லை என்பதற்கு அந்த அசைவு போதும்.

கூடத்துக்கு வெளியே என்ன மாறுகிறது

போவால் 1992 தேர்தலில் வென்று ரியோ டி ஜெனிரோ நகர மன்றத்துக்குப் போனார். தன் நாடகக் குழுவையே அலுவலக ஊழியர்களாக்கினார். நகரத்தின் பல பகுதிகளில் குழுக்கள் விவாத அரங்கு நடத்தும். மேடையேறியவர்கள் சொன்ன யோசனைகளைச் சட்டம் தெரிந்தவர்கள் வரைவாக மாற்றுவார்கள். 1993 முதல் 1996 வரை 13 சட்டங்கள் இப்படி வந்தன. குற்றங்களின் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தருவது அவற்றில் ஒன்று. இன்னொன்று, கம்பத்தில் தொங்கும் தெருத் தொலைபேசிக் கூண்டுகளைப் பற்றியது. பார்வையற்றவரின் கைத்தடி கூண்டுக்கு அடியில் தடையின்றிப் போய்விடும், தலை போய் மோதும். கீழே ஒரு மேடு கட்டிவிட்டால் தடி முதலில் அதில் தட்டும். தலையில் மோதியவர்தான் இதைச் சொல்ல முடியும், எந்தப் பொறியாளரும் சொல்லியிருக்கவில்லை. இந்த முறை வெற்றிபெற அரசு இயந்திரத்துக்குள் ஓர் ஆள் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பதவி போனதும் அந்தக் குழாய் அடைபட்டது.

மனம் மாறுகிறதா? நிகழ்ச்சி முடிந்ததும் நீட்டப்படும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் மாறியிருப்பார்கள், அதை நம்ப வேண்டாம். நீண்ட நாள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அரிது. அவற்றில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் கிராமப்பகுதியில் நடந்து 2008-ல் வெளியானது. ‘ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்’ என்ற, நடிப்புப் பயிற்சியும் நாடகமும் கலந்த, சுமார் ஐம்பது மணி நேர எச்ஐவி தடுப்புத் திட்டத்தைப் பரிசோதித்தார்கள். எச்ஐவி தொற்று குறைந்ததாக நிறுவ முடியவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்தும், துணையை அடித்ததாகச் சொன்ன ஆண்களின் விகிதம் குறைவாகவே இருந்தது. பெண்கள் பக்கத்தில் எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லை. எனக்கு இதில் கண்ணில் படுவது ஐம்பது மணி நேரம் என்பதுதான். ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு மேடை, ஒரு கைதட்டல் என்று பணம் ஒதுக்கும் திட்டங்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நடக்கும் வேலையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழுக்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தனக்கு நடந்ததைத் தானே நடித்துக்காட்ட யாரையும் கேட்கக் கூடாது. பலரின் கதைகளைக் கரைத்து எவருடையதும் இல்லாத ஒரு கதையாக்கித்தான் மேடையேற்ற வேண்டும். சின்னக் குடியிருப்பில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, மூன்றாவது வரியில் யார் என்று தெரிந்துவிடும். அடித்தவரே பார்வையாளர்களில் இருக்கலாம், அவர் பக்கத்து நாற்காலியில் அவளும் இருக்கலாம். அவள் அன்று ‘நிறுத்து’ என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போய் என்ன ஆவாள் என்று யோசித்தவர் குழுவில் இருக்கிறாரா? வம்புக்காரராக நடித்தவருக்கும் வேலை இருக்கிறது. ஒப்பனை இல்லாத வேடம் எளிதில் கழன்று விழாது. வட்டமாக நின்று, தன் பெயரை உரக்கச் சொல்லி, கை கால்களை உதறி, நான் அவனில்லை என்று வெளியே வர ஐந்து நிமிடம் ஒதுக்குவார்கள். வெளியிலிருந்து பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். அதைத் தவிர்த்த குழுவில் அந்த நடிகரோடு அன்று மாலை யாரும் சேர்ந்து தேநீர் குடிக்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, இவ்வளவு நேரம் வாய் திறக்காத ஒருவர் அருகில் வந்து, ஒரு நிமிடம் பேசலாமா என்பார். அனுபவமுள்ள குழுக்கள் இதை எதிர்பார்த்தே இருக்கும். அவர்களில் ஒருவர் அன்று நடிப்பதில்லை. எங்கே அனுப்பலாம், எந்த எண்ணை அழைக்கலாம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு வாசலருகே நிற்பார்.

இன்னொன்று, ஒத்திகை எத்தனை மணிக்கு முடிகிறது என்ற கேள்வி. நகரத்தில் பெண் பாதுகாப்பாக வீடு போவதைப் பற்றிய நாடகத்தின் ஒத்திகை இரவு பத்தேகாலுக்கு முடிந்தால், முஷ்டி பிடித்து நின்ற பெண்ணும் உள்ளங்கையை விரித்து நின்ற இளைஞனும் அதே 10.40 பேருந்துக்குத்தான் ஓட வேண்டும். ஒத்திகை அட்டவணையைக் கையில் எடுக்கும் முன் பேருந்து அட்டவணையைப் பார்க்கும் குழுக்கள் உண்டு. அவை எட்டரைக்கே கதவைப் பூட்டிவிடும், காட்சி பாதியில் நின்றாலும்.